அண்ணாந்து பார்க்க ஓர் அவகாசம்

ரோமாபுரியில் வத்திக்கான் நகரத்தின் வடபுறத்தை வளைத்துக்கொண்டு போகும் உயர்ந்த செங்கல் மதிலின் அடியில், பொழுது நன்றாகப் புலர்வதற்கு முன்பே ஜனங்கள் வந்து வரிசையில் நிற்கத் தொடங்கிவிடுகிறார்கள். உறங்கும் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்ட தாய், பாதிரியார் ஒருவரைச் சூழ்ந்து ஜபமாலையும் கையுமாக நிற்கும் யாத்ரீகர்கள், கைத்தடியை ஊன்றிக் கால் மாற்றி நிற்கும் முதியவர், வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு விவாதிக்கும் மாணவர்கள் என்று உலகத்தின் எல்லாத் திசைகளிலிருந்தும், வாழ்க்கையின் எல்லா நிலைகளிலிருந்தும் வந்தவர்கள் அந்த மதிலின் நிழலில் ஒரே ஜனமாகிவிடுகிறார்கள். அவர்களில் பலர் இந்த ஒரு நாளுக்காகப் பல ஆண்டுகள் பணம் சேர்த்தவர்கள். மறுபடியும் ஒருமுறை இங்கே வர வாய்க்காது என்பதை உணர்ந்தவர்கள். மதிலுக்கு அப்பால், ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகப் போப்பாண்டவர்கள் தேடிச் சேர்த்தும், கலைஞர்களைக் கொண்டு செய்வித்தும் வைத்த சிற்பங்களும் சித்திரங்களும் நிறைந்த காட்சிச்சாலைகள் இருக்கின்றன. அவை எல்லாவற்றையும் கடந்து போனால், மைக்கலாஞ்சலோ தீட்டிய விதானத்தைத் தலைமேல் தாங்கிக்கொண்டு சிஸ்டைன் ஆலயம் இருக்கிறது. ஆண்டொன்றுக்கு 60 லட்சத்துக்கும் மேற்பட்ட மனிதர்கள் இந்த வாயிலுக்குள் நுழைகிறார்கள்.

அந்த வரிசையில் நானும் இருமுறை நின்றிருக்கிறேன். முதல் முறை நின்றபோது எனக்கு இளம் வயது. எதையும் விட்டுவிடக் கூடாது என்ற ஆவலில், மண்டபம் மண்டபமாக ஓடி, எல்லாவற்றையும் பார்த்து முடித்து, அந்தி நேரத்தில் வெளியே வந்து நின்றபோது, என் மனத்தில் ஒரு முகமாவது, ஒரு வர்ணமாவது நிலைத்திருக்கவில்லை என்பதைக் கண்டு துக்கப்பட்டேன். பல ஆண்டுகள் கழித்து மறுபடியும் போனபோது, மிகச் சிலவற்றை மட்டுமே பார்ப்பது என்று தீர்மானித்துக்கொண்டு போனேன். அவை இன்றைக்கும் என்னோடு இருக்கின்றன. இந்த இரண்டு நாட்களுக்கும் இடையே உள்ள வித்தியாசத்தைப் பற்றி நெடுநாள் யோசித்ததன் பயனாக எனக்கு ஓர் அபிப்பிராயம் உறுதிப்பட்டிருக்கிறது. கலையின் முன்னால் வந்து நிற்கும் சாமானிய மனிதனுக்கு இன்று நுழைவுரிமை தாராளமாகக் கிடைக்கிறது; கிடைக்காமல் போவது அவகாசம். அந்த அவகாசத்தை அவனுக்கு மீட்டுக் கொடுப்பது இத்தகைய செல்வங்களைக் காப்பவர்களின் முதற்கடமை என்பதும், அதைப் பணமுள்ளவர்களுக்கு மட்டும் தனியே எடுத்து விற்பது தர்மமாகாது என்பதுமே நான் சொல்ல வந்த விஷயம்.

இந்தக் காட்சிச்சாலைகள் பிறந்த வரலாறே, நின்று நிதானமாகப் பார்த்த சிலருடைய வரலாறுதான். 1506-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 14-ஆம் தேதி, ரோமாபுரியின் எஸ்குவிலின் குன்றில், சாந்தா மரியா மஜோரே தேவாலயத்துக்கு அருகிலிருந்த ஒரு திராட்சைத் தோட்டத்தில், மண்ணுக்கடியில் அற்புதமான பளிங்குச் சிலைகள் தென்படுவதாக இரண்டாம் ஜூலியஸ் போப்பாண்டவருக்குச் செய்தி வந்தது. அவருடைய ஆணைப்படி அங்கே புறப்பட்ட ஸ்தபதி ஜூலியானோ தா சங்கால்லோ, தம் வீட்டுக்கு அடிக்கடி வந்து போய்க்கொண்டிருந்த மைக்கலாஞ்சலோவையும், சிறு பிள்ளையான தம் மகனையும் உடன் அழைத்துப் போனார். குழிக்குள் இறங்கிப் பார்த்த மாத்திரத்தில், பழைய ரோமானிய ஆசிரியரான பிளினி மிக உயர்வாகப் போற்றி எழுதியிருந்த லாவோக்கோன் சிற்பம் இதுவே என்று ஜூலியானோ அடையாளம் கண்டுகொண்டார்: திராய் நகரத்துப் புரோகிதன் ஒருவனும் அவனுடைய இரு புதல்வர்களும் பாம்புகளால் பிணிக்கப்பட்டு மடியும் காட்சி அது. குழியை அகலமாக வெட்டிச் சிலையை வெளிக்கொணர்ந்ததும், அங்கிருந்தவர்கள் எல்லோரும் பழங்காலத்துக் கலையைப் பற்றிப் பேசிக்கொண்டே அதைப் பார்த்து வரையத் தொடங்கிவிட்டார்களாம். அந்தச் சிறு பிள்ளை வளர்ந்து முதியவனான பிறகு, 1567-இல் எழுதிய ஒரு கடிதத்தில் இதை நினைவுகூர்ந்திருக்கிறான். போப்பாண்டவர் அந்தச் சிற்பத்தை விலைக்கு வாங்கி வத்திக்கானின் பெல்வெதேரே முற்றத்தில் வைத்தார். அதுவே வத்திக்கான் காட்சிச்சாலைகளின் ஆரம்பம்.

அந்தச் சிலை கிடைத்தபோது தந்தையின் வலக்கை காணப்படவில்லை. நானூறு ஆண்டுகள் கழிந்த பின், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், லுத்விக் பொல்லாக் என்ற தொல்பொருள் அறிஞர் ரோமாபுரியில் கல் வேலைக்காரர்களின் இடம் ஒன்றில் கிடந்த மடங்கிய கை ஒன்றைக் கண்டு, அதன் தசைத் திரட்சியையும் பளிங்கின் தன்மையையும் கூர்ந்து நோக்கி, அது இந்தச் சிற்பத்தைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும் என்று ஊகித்து வத்திக்கானுக்கு அளித்தார். மேலும் அரை நூற்றாண்டு கழிந்த பிறகே அது தன் தோளோடு சேர்ந்தது. அவர் அன்று அந்தக் கல் குவியலை அவசரமாகத் தாண்டிப் போயிருந்தால், அந்தக் கை இன்றைக்கு ஏதேனும் ஒரு சுவரில் கல்லோடு கல்லாகப் புதைந்து போயிருக்கும்.

இப்படிப் பார்வையின் பொறுமையிலிருந்து பிறந்த இடம் இன்று எவ்வாறு இருக்கிறது? மண்டபங்களையும் தாழ்வாரங்களையும் ஒன்றோடொன்று சேர்த்து அளந்தால் ஏறத்தாழ 7 கிலோமீட்டர் நடக்க வேண்டும் என்கிறார்கள். அவ்வளவு தூரத்திலும் சுவருக்குச் சுவர் சிஸ்டைன் ஆலயத்துக்கு வழிகாட்டும் அம்புக்குறிகள் இருப்பதால், நடுவிலுள்ள ஒவ்வொன்றும் அங்கே போய்ச் சேருவதற்குரிய பாதையாக மாறிவிடுகிறது. பதின்மூன்றாம் கிரகோரி போப்பாண்டவரின் காலத்தில் இஞ்ஞாசியோ தாந்தி என்ற துறவி திட்டமிட்டு, இத்தாலிய தேசம் முழுவதையும் நாற்பது பூகோளப் படங்களாகச் சுவர்களில் தீட்டுவித்த 120 மீட்டர் நீளமுள்ள மண்டபத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு துறைமுகமும், ஒவ்வொரு மலைத்தொடரும், நதிகளின் ஒவ்வொரு வளைவும் அங்கே நுணுக்கமாகக் குறிக்கப்பட்டிருக்கின்றன. நாள் முழுவதும் நின்று வாசிக்கத்தக்க அந்தச் சுவர்களுக்கிடையே, பின்னால் வருபவர்களின் உந்துதலால், ஜனங்கள் ஆற்று வெள்ளம் போல நிற்காமல் நகர்ந்து போகிறார்கள். அதைக் கடந்து ரபேல் தீட்டிய அறைகளுக்கு வந்தால், பிளேட்டோவும் அரிஸ்டாட்டிலும் உரையாடியவாறே படிகளின் மேலே நடந்து வரும் ‘ஏதென்ஸ் ஞானசபை’ இருக்கிறது. மனிதர்கள் நிதானமாகக் கூடிச் சிந்திப்பதன் மகிமையைச் சொல்வதற்கென்றே தீட்டப்பட்ட அந்தச் சித்திரத்தின் முன்னால் நிதானமாக நிற்பது மட்டும் இயலாத காரியமாகிவிடுகிறது.

கடைசியில் ஆலயம் வருகிறது. நான்காம் சிக்ஸ்டஸ் போப்பாண்டவர் கட்டுவித்து, 1483-இல் தேவமாதாவுக்கு அர்ப்பணம் செய்த அந்த மண்டபம் சுமார் 41 மீட்டர் நீளமும் 13 மீட்டர் அகலமும் 21 மீட்டர் உயரமும் கொண்டது. காட்சிச்சாலை வழியாக வருகிறவர்கள் பீடத்தின் பக்கத்திலுள்ள ஒரு சிறிய கதவினால் உள்ளே வருகிறார்கள். ஆகையால் பீடச் சுவரில் மைக்கலாஞ்சலோ தீட்டிய ‘இறுதித் தீர்ப்பு’ என்ற மகத்தான சித்திரம், உள்ளே நுழையும்போது அவர்களுடைய முதுகுக்குப் பின்னால் இருந்துவிடுகிறது. நடந்து போய்த் திரும்பிப் பார்க்க வேண்டும்; திரும்புவதற்கு இடம் கிடைக்க வேண்டும். நூற்றுக்கணக்கானவர்கள் மெல்லிய குரலில் பேசினாலும் அது சேர்ந்து சந்தை இரைச்சலாகிறது. காவலர்கள் மௌனம் மௌனம் என்று வேண்டிக் குரல் கொடுக்கிறார்கள். சில நிமிஷங்கள் அடங்கிய இரைச்சல் மீண்டும் அலைபோல எழும்புகிறது. படம் பிடிக்கக் கூடாது என்ற விதியும், உள்ளே விளக்கம் சொல்லக் கூடாது என்ற விதியும் இருக்கின்றன. அதற்காகவே வழிகாட்டிகள் வெளி முற்றத்தில் நாட்டியுள்ள படப்பலகைகளின் முன் நின்று முன்கூட்டியே எல்லாவற்றையும் எடுத்துரைத்துவிடுகிறார்கள். விதிகள் நல்லவையே. ஆனால் மௌனம் என்பது விதியினால் மாத்திரம் வருவதில்லை. தோளோடு தோள் உரசாமல் நிற்க இடமும், அடுத்து என்ன என்ற பதற்றம் இல்லாத மனமும் இருந்தால் அது தானே வந்து அமரும்.

அந்த ஆலயத்தின் விதானம் எப்படித் தீட்டப்பட்டது என்பதைச் சற்று யோசித்துப் பார்த்தால், அதைப் பார்ப்பதற்கு ஏன் அவகாசம் வேண்டும் என்பது விளங்கும். அது ஈரச் சுண்ணாம்புச் சாந்தின்மேல் தீட்டிய சித்திரம். சாந்து ஈரமாக இருக்கும் சில மணி நேரத்துக்குள் வர்ணத்தைப் பூசிவிட வேண்டும். சாந்து இறுகும்போது வர்ணமும் அதனோடு கல்லாகி ஒன்றிவிடும். காய்ந்த பின் பூசினால் நிலைக்காது. ஆகவே அன்றன்று தீட்டி முடிக்கக்கூடிய பரப்புக்கு மட்டுமே சாந்து பூசுவார்கள். அந்தப் பங்குக்கு இத்தாலியர் ‘ஜொர்னாத்தா’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஒரு நாள் வேலை என்பது அதன் பொருள். ஒரு நாளின் சாந்தும் மறுநாளின் சாந்தும் சந்திக்கும் மெல்லிய இணைப்புக் கோடுகள் இன்றைக்கும் அங்கே இருப்பதால், எந்த உருவத்துக்கு எத்தனை நாட்கள் சென்றன என்பதை நிபுணர்கள் எண்ணிச் சொல்கிறார்கள். படுத்திருந்தவாறே சிருஷ்டிகர்த்தாவை நோக்கிக் கையை நீட்டும் ஆதாமின் உருவம் நான்கு நாள் வேலை. காலம் என்பது அந்தச் சித்திரத்துக்குப் புறம்பான விஷயமாக இல்லாமல், அதனுடைய சாந்திலேயே கலந்து பூசப்பட்டிருக்கிறது. 1508 முதல் 1512 வரை நாள் நாளாக எழுதப்பட்ட அந்தப் புத்தகத்தை, பத்து நிமிஷத்தில் புரட்டிவிட்டுப் போகும்படி நேருகிறது.

அது மட்டுமன்று. மைக்கலாஞ்சலோ சாரத்தின்மேல் நின்றுகொண்டு, கழுத்தைப் பின்னால் வளைத்து, முகத்தில் வர்ணம் சொட்டச் சொட்ட அந்த வேலையைச் செய்தார். அந்த வேதனையைப் பற்றி நண்பர் ஒருவருக்குக் கவிதையே எழுதினார். முதலில் தீட்டிய ‘பிரளயம்’ என்ற காட்சியில் பூஞ்சை படர்ந்து வேலை கெட்டுவிடும் போலிருந்தபோது மனம் சோர்ந்தார். சாந்தில் நீர் மிகுந்துவிட்டது என்பதை ஜூலியானோ தா சங்கால்லோவே வந்து சுட்டிக்காட்டித் தேற்றினார். அந்தக் காட்சியில் உருவங்கள் சிறியனவாகவும் எண்ணிறந்தனவாகவும் இருக்கின்றன. பாதி விதானம் முடிந்து சாரத்தைப் பிரித்த பின், 1511-இல், தாம் தீட்டியதைத் தரையிலிருந்து அவர் முதன்முறையாக முழுமையாகப் பார்த்தார். அதன் பிறகு தீட்டிய பகுதிகளில் உருவங்கள் பெரியனவாகவும், சிலவாகவும், கம்பீரமாகவும் ஆகிவிட்டதை நாம் காண்கிறோம். நாம் நிற்கும் அதே தரையில் நின்று, நம்முடைய கண்ணாகத் தம் கண்ணை ஆக்கிக்கொண்டு, கீழே நின்று பார்ப்பவனுக்கு எது எட்டும், எது எட்டாது என்பதைச் சிந்தித்துத் தம் கையையே மாற்றிக்கொண்ட கலைஞர் அவர். கீழே நிற்பவனுடைய பார்வைக்கு அவர் அவ்வளவு மரியாதை கொடுத்தார் என்றால், அதே மரியாதையை நாமும் கொடுக்க வேண்டாமா?

என் இரண்டாவது பிரயாணத்தில், சுவரோரமாக உள்ள நீண்ட ஆசனத்தில் ஒருவர் எழுந்துபோன இடம் கிடைக்க, ஒரு மணி நேரத்துக்கு மேல் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். முதல் கால் மணி நேரம் கண் எல்லாவற்றிலும் தாவியது. அதன் பிறகு மெல்ல மெல்ல அடங்கியது. விதானத்தின் நடுவிலுள்ள புகழ்பெற்ற ஒன்பது ஆதியாகமக் காட்சிகளைவிட்டு, தீர்க்கதரிசிகளையும் வருங்காலம் உரைக்கும் மங்கையரையும் விட்டு, ஜன்னல்களுக்கு மேலே அரைவட்டமாகவும் முக்கோணமாகவும் அமைந்த இடங்களில் யாரும் அதிகமாகப் பாராட்டாத சில உருவங்களிடம் வந்து நின்றது. அவர்கள் கிறிஸ்துநாதருடைய முன்னோர்கள். மத்தேயு எழுதிய சுவிசேஷத்தின் முதல் அத்தியாயத்தில் பெயர்ப்பட்டியலாக மட்டும் வருகிறவர்கள். செயற்கரிய செயல் செய்தவர்கள் என்று சொல்வதற்கு அவர்களில் அநேகரைப் பற்றி ஒன்றும் இல்லை. அந்தப் பெயர்களுக்கு மைக்கலாஞ்சலோ உடல் கொடுத்தார். குழந்தையை மடியில் வைத்தவாறே உறங்கிவிட்ட தாய் ஒருத்தி. கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் இளம்பெண் ஒருத்தி. கத்தரிக்கோலால் துணி வெட்டிக்கொண்டிருக்கும் மற்றொருத்தி. தன் கைக்கோலின் தலையில் செதுக்கிய முகத்தோடு முகம் வைத்துச் சினந்து நோக்கும் கிழவர் ஒருவர். வழிப்பிரயாணத்தில் களைத்து, எங்கோ ஓரிடத்தில் உட்கார்ந்து, தாங்கள் கண்ணால் காணப்போகாத ஒருவருடைய வருகைக்காகத் தலைமுறை தலைமுறையாகக் காத்திருக்கும் குடும்பங்கள் அவை.

அவர்களைப் பார்த்துவிட்டுக் கண்ணைத் தாழ்த்தினேன். எதிர்ச் சுவரோரத்தில், காலையில் மதிலடியில் கண்ட அதே தாய், தூங்கும் குழந்தையை மடியில் கிடத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கைத்தடி முதியவர் அதன்மேல் இரு கைகளையும் ஊன்றி மோவாயைத் தாங்கியிருந்தார். மேலே சுவரில் இருந்தவர்களும் கீழே தரையில் இருந்தவர்களும் ஒரே வம்சத்தவர்களாக எனக்குத் தோன்றினார்கள். அந்த நொடி வரையில் கூட்டத்தை என் தரிசனத்துக்கு இடையூறாகவே எண்ணி வந்த எனக்கு, அந்தக் கூட்டத்தையே அந்தக் கலைஞர் சுவரில் தீட்டி வைத்திருக்கிறார் என்பது விளங்கியபோது, உள்ளம் நெகிழ்ந்து போயிற்று. ஒரு மணி நேரம் உட்காராமல் இருந்திருந்தால் எனக்கு அது விளங்கியிராது. அந்தத் தாய்க்கும் முதியவருக்கும் அது விளங்கிற்றா என்பதை நான் அறியேன். அவர்களுக்கும் அதற்குரிய அவகாசம் இருந்திருக்க வேண்டும் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

இந்தச் சித்திரங்களைக் காப்பதற்கு எடுத்துக்கொண்ட சிரமத்தை யாரும் குறைவாகச் சொல்ல முடியாது. நூற்றாண்டுக் கணக்கில் மெழுகுவர்த்திப் புகையும், முற்காலத்தில் பழுதுபார்த்தவர்கள் தடவிய பசையும் படிந்து இருண்டிருந்த சுவர்களை, ஜப்பான் தேசத்துத் தொலைக்காட்சி நிறுவனம் ஒன்றின் பொருளுதவியால், 1980 முதல் 1994 வரை அங்குலம் அங்குலமாகத் துலக்கினார்கள். மைக்கலாஞ்சலோவின் பச்சையும் செம்மஞ்சளும் ஊதாவும் அப்போதுதான் மறுபடி உலகத்துக்குக் கிடைத்தன. மனிதர்களுடைய மூச்சும் வியர்வையும் உடைகளிலிருந்து உதிரும் தூசியும் அந்த வர்ணங்களைக் கெடுத்துவிடாமல் இருக்க, 1993-இல் ஒரே சமயத்தில் 700 பேரைக் கணக்கிட்டுக் குளிர்சாதன ஏற்பாடு செய்தார்கள். கூட்டம் பெருகியதால் அது போதாமல் போயிற்று. 2014-இல் அதை எடுத்துவிட்டு, ஒரே சமயத்தில் 2,000 பேர் வரை தாங்கக்கூடிய புதிய இயந்திரங்களை அமைத்தார்கள். விஞ்ஞானத்தின் பார்வையில் இது பெரிய சாதனை. அதை நான் வணங்குகிறேன். ஆயினும் இரண்டாயிரம் பேரை அந்தத் தரையின் பரப்பால் வகுத்துப் பார்த்தால், ஒரு சதுர மீட்டருக்கு மூன்று நான்கு பேர் நிற்க வேண்டியிருக்கிறது. சுவரிலுள்ள வர்ணத்துக்கு எவ்வளவு காற்று வேண்டும் என்று கணக்குப் போட்ட அதே அக்கறையுடன், அதைப் பார்க்க வந்த மனத்துக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று கணக்குப் போட்டிருக்கலாம் என்பதே என் மனக்குறை. அந்த ஆலயம் தன்னுடைய சொந்தக் காரியத்துக்கு உபயோகமாகும்போது எத்தனை பேருக்கு இடம் தருகிறது என்பதையும் பாருங்கள்: 2025 மே மாதத்தில் புதிய போப்பாண்டவரைத் தேர்ந்தெடுக்க அங்கே கூடி, ‘இறுதித் தீர்ப்பு’க்கு முன்னால் ஆசனங்களில் அமர்ந்திருந்த கர்தினால்மார் 133 பேர்.

எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துவது நடக்கக்கூடிய காரியமா என்று கேட்பவர்களுக்கு, இத்தாலியிலேயே விடை இருக்கிறது. பதுவா நகரத்தில் ஜியோத்தோ என்ற மேதை பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தீட்டிய ஸ்க்ரோவேஞ்ஞி சிற்றாலயத்துக்குப் போகிறவர்கள், இருபத்தைந்து பேருக்கு மிகாத சிறு குழுவாக, முதலில் ஒரு தனி அறையில் கால் மணி நேரம் அமர்ந்திருக்க வேண்டும். அவர்கள் கொண்டுவந்த தூசியும் ஈரமும் அடங்குவதற்காகச் செய்த ஏற்பாடு அது. ஆனால் அந்தக் கால் மணி நேரத்தில் தெருவின் இரைச்சல் மனத்தைவிட்டும் அடங்கிவிடுகிறது. பின்னர் நீல வானம் போன்ற அந்த விதானத்தின் கீழ் கால் மணி நேரம் இருக்கலாம். மிலான் நகரத்தில் லியொனார்தோ தீட்டிய ‘கடைசி இராப்போஜனம்’ உள்ள மண்டபத்திலும் இதைப் போலவே சிறு சிறு குழுக்களாகப் பதினைந்து நிமிஷத்துக்கு மட்டும் அனுமதிக்கிறார்கள். பதினைந்து நிமிஷம் என்பது குறுகிய காலந்தான். எனினும் அது முழுமையாகத் தனக்கே உரியதாகக் கிடைக்கும்போது, நெரிசலில் கழித்த மூன்று மணி நேரத்தைவிட நெடியதாக இருக்கிறது.

இதற்கு எதிராகச் சொல்லத்தக்க நியாயங்கள் உண்டு. அவற்றை நான் அலட்சியம் செய்யவில்லை. எண்ணிக்கையைக் குறைத்தால், கடல் கடந்து வந்த ஏழை யாத்ரீகன் வாயிலிலிருந்து திரும்பிப் போக நேருமே என்பது ஒன்று. இவ்வளவு பெரிய செல்வத்தைப் பாதுகாக்கும் செலவு, பார்க்க வருகிறவர்களுடைய கட்டணத்திலிருந்துதானே வர வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டாவதைப் பொறுத்தவரை, அந்தச் சிறு ராஜ்யத்தின் வருவாயில் காட்சிச்சாலைகளின் பங்கு பெரிது என்பது உண்மை. அதை ஒரே நாளில் விட்டுவிடும்படி யாரும் கேட்க முடியாது. முதலாவது நியாயமோ என் நெஞ்சைத் தொடுவது. ஆனால் நேரத்தை நீட்டினால், எண்ணிக்கையைக் குறைக்காமலே நெரிசலைக் குறைக்க இடமுண்டு. கோடைக்காலத்தில் சில மாலைகளில் காட்சிச்சாலைகளை இரவு வரையில் திறந்து வைக்கும் வழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. அதை ஆண்டு முழுவதற்கும் விரிக்கலாம். காத்திருப்பதற்கு ஜனங்கள் ஒருநாளும் அஞ்சியதில்லை. இரண்டு மணி நேரம் மதிலடியில் நின்றவன் மூன்று மணி நேரமும் நிற்பான். நின்ற பிறகு தனக்கென்று ஒரு சிறு அமைதி காத்திருக்கிறது என்று தெரிந்தால், அந்தக் காத்திருத்தலே அவனுக்கு ஒரு விரதம் போல ஆகிவிடும்.

ஆனால் ஒரு வழக்கத்தை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. பொதுஜனங்களுக்காகக் கதவு திறப்பதற்கு முன்பும், மாலையில் மூடிய பின்பும், அதிகக் கட்டணம் செலுத்தக்கூடியவர்கள் சிறு கூட்டமாக ஆலயத்துக்குள் போய் நிம்மதியாகப் பார்க்கும்படி ஏற்பாடுகள் இருக்கின்றன. அங்கே விற்கப்படும் பொருள் எது என்று எண்ணிப் பாருங்கள். சித்திரம் இருவருக்கும் ஒன்றே. கூடுதல் பணத்துக்குக் கிடைப்பது மௌனம், அவகாசம் என்ற இரண்டும்தான். அதாவது, பகலில் வருகிற சாமானியனிடம் காவலர்கள் வேண்டி வேண்டிக் கேட்டும் பிறக்காத அந்த மௌனம், வேறொரு வேளையில் விலைச்சீட்டோடு வைக்கப்பட்டிருக்கிறது. அரசனும் ஆண்டியும், குருமாரும் குடியானவனும் ஆடை அணிகளின் பேதம் இல்லாமல் ஒரே நீதிபதியின் முன் எழுந்து நிற்பதைச் சுவர் முழுவதும் தீட்டி வைத்த ஓர் ஆலயத்தில், உரிக்கப்பட்ட தோலாகத் தம் முகத்தையே அப்போஸ்தலர் பர்த்தலோமேயுவின் கையில் தொங்கவிட்டுத் தம்மைத் தாழ்த்திக்கொண்ட ஒரு கலைஞரின் சந்நிதியில், இந்தப் பேதம் பொருந்துமா? மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமையில் கட்டணமின்றி உள்ளே விடுகிறார்கள் என்பதை நான் மறக்கவில்லை. ஆனால் அன்றைக்கு நெரிசல் மிகுதி. ஏழைக்கு இலவசமாக நெரிசலும், செல்வனுக்கு விலைக்கு அமைதியும் என்று பங்கு பிரிவதைக் காட்டிலும், இருவருக்கும் குறைந்த நேரம், ஆனால் ஒரே அமைதி என்று பங்கிடுவது அறத்துக்கு நெருக்கமானது.

ஆகவே என் வேண்டுகோள் எளியது. ஒரே சமயத்தில் ஆலயத்துக்குள் இருப்பவர்களின் தொகையைச் சில நூறாகக் குறைக்கட்டும். இயந்திரம் எத்தனை பேரைத் தாங்கும் என்பதை விட்டு, உட்கார எத்தனை பேருக்கு இடமுண்டு என்பதை அளவாகக் கொள்ளட்டும். நுழைபவர்கள் அரை மணி நேரம் அமர்ந்திருக்கும்படி முறை வகுக்கட்டும். உள்ளே போவதற்கு முன், பதுவாவில் செய்வது போலச் சற்று நேரம் ஓர் அறையில் இருத்தி, அம்புக்குறிகளைத் துரத்திக்கொண்டு வந்த கால்களுக்கு ஓய்வு கொடுக்கட்டும். அதிகாலையும் அந்தியுமாகிய அந்த அமைதியான வேளைகளை, விலைக்கு விடாமல், விண்ணப்பித்தவர்களுக்குள் சீட்டுக் குலுக்கிக் கொடுக்கட்டும். செல்வருக்குக் கிடைத்தாலும் சரி, மதிலடியில் நின்ற தாய்க்குக் கிடைத்தாலும் சரி, அது அதிர்ஷ்டத்தின் பங்காக இருக்கட்டும்.

இவை நிறைவேறும் வரையில், போகிறவர்கள் தாமாகவே செய்துகொள்ளக்கூடிய காரியமும் உண்டு. எல்லாவற்றையும் பார்க்க வேண்டும் என்ற ஆசையை வாயிலிலேயே விட்டுவிடுங்கள். பினகோத்தேகா என்னும் சித்திரசாலை, சிஸ்டைன் ஆலயத்துக்குப் போகும் பிரதான பாதையில் இல்லாததால் பெரும்பாலும் அமைதியாகவே இருக்கிறது. அங்கே ரபேலின் கடைசிச் சித்திரம் இருக்கிறது. மேலே மலையுச்சியில் கிறிஸ்துநாதர் ஒளிமயமாக எழும்பி நிற்க, கீழே வலிப்பு நோயால் துடிக்கும் ஒரு சிறுவனைத் தாங்கிக்கொண்டு அவனைச் சேர்ந்தவர்கள் சீஷர்களிடம் கதறுவதையும், சீஷர்கள் செய்வதறியாமல் திகைப்பதையும் ஒரே பலகையில் தீட்டியிருக்கிறார். 1520-இல், முப்பத்தேழாம் வயதில் அவர் காலமானபோது, அந்தச் சித்திரத்தைத்தான் அவருடைய தலைமாட்டில் வைத்தார்களாம். அதே சாலையில், லியொனார்தோ முடிக்காமல் விட்ட புனித ஜெரோம் சித்திரமும், கரவாஜியோவின் சிலுவையிறக்கிய திருவுடல் சித்திரமும் இருக்கின்றன. இவற்றில் ஏதேனும் ஒன்றின் முன் அரை மணி நேரம் நின்று பழகியவன், பிறகு ஆலயத்தின் நெரிசலிலும் தன் கண்ணை ஓரிடத்தில் நிறுத்தக் கற்றுக்கொள்வான்.

விதானத்தின் ஓரத்தில் காத்திருக்கும் அந்த முன்னோர்களை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். பதினாறு அரைவட்டங்களில் அவர்களை மைக்கலாஞ்சலோ தீட்டினார். பின்னாளில், ‘இறுதித் தீர்ப்பு’க்கு இடம் வேண்டியிருந்தபோது, பீடச் சுவரிலிருந்த இரண்டைத் தம் கையாலேயே அழித்துவிட்டார். மிஞ்சியவர்கள் இன்றும் அங்கே இருக்கிறார்கள். தங்களுடைய வாழ்நாளில் அவர்கள் காத்திருந்தது கிட்டவில்லை. அவர்களுக்குக் கீழே, மதிலடியிலிருந்து வந்து நிற்கும் இந்த மனிதர்களுக்கோ, காத்திருந்தது கண்ணுக்கு எதிரே, தலைக்கு மேலே இருக்கிறது. அதை அண்ணாந்து பார்க்க அவர்களுக்கு வேண்டியதெல்லாம் உட்கார ஓர் ஆசனமும், அரை மணி நேரமும்.